எண்ணிக்கையில் வராத சனங்கள்

(தேனியில் நடந்த நில உரிமைக் கருத்தரங்கில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு வழக்கு சில இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



'விமான நிலையமும் பக்கத்து ஊர்களும்' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். நோட்டீசில் அதைப் பார்த்துவிட்டு என் பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார்: "ஏப்பா, பழைய ரயிலைப் பிடுங்கிப் போட்டு நமக்குப் புது ரயில் வர்றதுக்கே பன்னெண்டு வருசம் ஆச்சு. நீ ஏரோப்ளேனப் பத்தி என்னத்தப் பேசப்போற?" நியாயமான கேள்வி. 2010 கடைசியில் மீட்டர் கேஜை நிறுத்தினார்கள். 2022-இல்தான் அகலப் பாதை ரயில் தேனிக்கு வந்து சேர்ந்தது. கம்பம் பள்ளத்தாக்கில் விமான நிலையம் கிடையாது. வளைகுடாவுக்குப் போகிற நம் பையன்கள் மதுரைக்குப் பஸ் ஏறித்தான் பறக்கிறார்கள்.

ஆனால் நிலம் எடுக்கிறவனுடைய நடைமுறை எல்லா இடத்திலும் ஒன்றுதான். சாலை என்றாலும், அணை என்றாலும், ஆய்வுக்கூடம் என்றாலும், ஓடுபாதை என்றாலும் அதே பேரேடு, அதே சர்வே எண், அதே செக். அதில் நம் சனம் எந்தக் கட்டத்தில் விடுபட்டுப் போகிறது என்பதைத்தான் நான் பேசப் போகிறேன். முதலில் என் சொந்தக் கணக்கில் இருக்கும் ஒரு தப்பைச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன்.

நான் வங்கியில் கிளார்க். கவிதை எழுதுவது ராத்திரி வேலை. கவுன்டரில் உட்கார்ந்திருப்பவனுக்கு ஊர் வேறு மாதிரி தெரியும். யார் வீட்டில் கல்யாணம் என்று நகைக்கடனைப் பார்த்தால் தெரியும்; எந்த வருசம் மழை பொய்த்தது என்று தவணை நிற்பதைப் பார்த்தால் தெரியும். சில வருசத்துக்கு முன்னால் எங்கள் பக்கத்தில் ஒரு சாலைக்காக நிலம் எடுத்தார்கள். வயல்காரர்களுக்கு இழப்பீடு வந்தது. அவர்கள் வந்து புதுக் கணக்குத் திறந்தார்கள், டெபாசிட் போட்டார்கள். மேலாளர் அறையில் நாற்காலி போட்டுக் காப்பி வாங்கிக் கொடுத்தோம். அதே நாள் வரிசையில் எங்கள் காலனிப் பெரியம்மா ஒருத்தி நின்றாள். எனக்கு உறவுமுறைதான். அந்த வயலில் இருபது வருசத்துக்கு மேல் நாற்றுப் பறித்து, நட்டு, களையெடுத்து, அறுத்தவள். கையில் முதியோர் உதவித்தொகைப் பாஸ்புக். அவளுடைய முறை வந்ததும் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்: "ஏய்யா, வயலுக்குப் பணம் வந்துருச்சாமே. நமக்கு ஏதும் போட்டுருக்காகளா?"

நான் சிரித்தேன் தோழர்களே. சிரித்துக்கொண்டே சொன்னேன்: "நமக்கு ஏது பெரியம்மா, பட்டா இருக்கவுகளுக்குத்தான்."

அவள் சரியென்று போய்விட்டாள். பட்டதாரி, கவிஞன், இயக்கக் கூட்டங்களில் பேசுகிறவன் நான். நான் சொன்னது தப்பு என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. 2013-ஆம் வருசத்து நிலம் எடுப்புச் சட்டத்தைப் பிற்பாடு எடுத்து வைத்துக்கொண்டு வரி வரியாகப் படித்தபோதுதான் தெரிந்தது. 'பாதிக்கப்பட்ட குடும்பம்' யார் என்று அது விளக்கம் சொல்கிறது. நிலம் இல்லாத விவசாயக் கூலி, குத்தகைக்காரர், வாரத்துக்கு உழுகிறவர், கைவினைஞர் ஆகியோர், நிலம் எடுப்பதற்கு முந்திய மூன்று வருசமாக அங்கே வேலை செய்திருந்து, அதுதான் அவர்களுடைய முக்கியமான பிழைப்பாகவும் இருந்தால், அவர்களும் பாதிக்கப்பட்ட குடும்பம்தான். அப்படிப்பட்டவர்களையும் சேர்த்துக் கணக்கெடுக்க வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. பெரியம்மா கேட்டது பிச்சை இல்லை. அவள் கேட்க வேண்டிய கேள்வியைத்தான் கேட்டாள். பதில் சொன்ன என்னிடம்தான் பழைய புத்தி இருந்தது. நிலம் என்றால் பட்டா, பட்டா இல்லாதவனுக்கு நிலத்தோடு சம்பந்தமில்லை என்பது ஆண்டை வீட்டுப் புத்தி. அது என் வாயிலிருந்து வந்தது.

இந்தப் புத்தி எப்படி வந்தது என்று பார்க்க மூன்று வருசங்களை ஞாபகத்தில் வையுங்கள்: 1892, 1894, 1895.

1891-இல் செங்கல்பட்டு மாவட்டத்தில் ஆட்சியர் பொறுப்பிலிருந்த திரமென்ஹீர், பறையர் மக்களின் நிலைமை பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். நிலமில்லாததுதான் அடிமைத்தனத்துக்கு வேர் என்பது அதன் சாரம். அதன் தொடர்ச்சியாக 1892-இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒப்படைக்கும் ஆணை வந்தது. நாம் பஞ்சமி நிலம் என்கிறோமே, அதுதான். ஏறத்தாழ 12 லட்சம் ஏக்கர் என்று நம் இயக்கங்கள் சொல்லி வருகின்றன. பத்து வருசம் விற்கக் கூடாது, அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்டவர்களுக்குள்தான் கைமாற வேண்டும் என்பது நிபந்தனை. அந்த ஆணையின் மை காய்வதற்குள் 1894-இல் இன்னொரு சட்டம் வந்தது. 'பொதுக் காரியம்' என்று சொல்லி யாருடைய நிலத்தையும் அரசு எடுத்துக்கொள்ளலாம் என்ற நிலம் எடுப்புச் சட்டம். வெள்ளைக்காரன் போய் அறுபத்தாறு வருசம் ஆனபிறகும், 2013 வரைக்கும் அந்தச் சட்டம்தான் நம் தலைமேல் இருந்தது. அதன் கணக்கில் இழப்பீடு என்பது நிலத்தில் உரிமை காட்டுகிறவருக்கு. உழைத்தவர் யார் என்று அது கேட்கவில்லை.

1895 நம் சொந்த வருசம். முல்லைப் பெரியாறு அணை திறந்தது. லோயர் கேம்ப் தொடங்கி பழனிசெட்டிபட்டி வரைக்கும் 14,707 ஏக்கர் இருபோக வயலாக நிற்கிறது. பென்னி குவிக்குக்கு நாம் பொங்கல் வைக்கிறோம், சிலை வைக்கிறோம், பிள்ளைகளுக்குப் பெயர் வைக்கிறோம். தப்பில்லை. ஆனால் தண்ணீர் வந்தபோது நிலத்துக்கு விலை ஏறியது. சேரிக்கு வேலை நாள் ஏறியது. அவர்களுக்குச் சொத்து, நமக்குக் கூலி. போடியிலும் கம்பத்திலும் விடிகாலையில் ஜீப்பில் ஒருத்தி மடியில் ஒருத்தியாக உட்கார்ந்து கேரளத்து ஏலக்காட்டுக்கு மலையேறுகிற பெண்களைப் பாருங்கள். இருபோகம் விளைகிற பள்ளத்தாக்கில் பிறந்தவள் எதற்கு மலையேறுகிறாள்? அவள் பேரில் ஒரு சென்ட் இல்லை என்பதுதான் பதில். நாட்டின் மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் 16.6 சதவீதம் என்கிறது 2011 கணக்கெடுப்பு. 2015-16 வேளாண் கணக்கெடுப்பில் சாகுபடிப் பரப்பில் நம் கையில் இருப்பது 9 சதவீதத்துக்கும் கீழே.

இந்தப் பின்னணியோடு மதுரைக்குப் போவோம். நமக்குப் பக்கத்து விமான நிலையம் அது. 1996-இல் தேனி மாவட்டம் என்று பிரிக்கிறவரை நமக்கும் அதுதானே மாவட்டத் தலைநகர்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பட்டாளத்து விமானங்களுக்காகப் போட்ட தளம்தான் மதுரை விமான நிலையத்துக்கு ஆரம்பம். பிறகு பயணிகள் விமானம் வந்தது, 2010-இல் புது முனையக் கட்டடம் வந்தது. இப்போதுள்ள ஓடுபாதை ஏறத்தாழ 7,500 அடி. அதைப் பெரிய விமானங்கள் இறங்க 12,500 அடியாக நீட்டுவது திட்டம். அதற்கு 600 ஏக்கருக்கு மேல் நிலம். அயன்பாப்பாக்குடி, குசவன்குண்டு, பாப்பானோடை, ராமன்குளம், பெருங்குடி, சின்ன உடைப்பு என்று சுற்றி இருக்கிற ஊர்கள் எல்லாம் அந்த வரைபடத்துக்குள் வந்தன.

இதில் சின்ன உடைப்பு தேவேந்திரர் மக்கள் அதிகமாக வாழ்கிற ஊர். 2024 நவம்பரில் அந்த ஊரைக் காலி செய்ய அதிகாரிகளும் போலீசும் வந்தபோது சனங்கள் மறித்து உட்கார்ந்தார்கள். இழப்பீடு வாங்கியாயிற்று, இன்னும் என்ன என்பது அரசுத் தரப்பு. அந்த மக்கள் விமான நிலையமே வேண்டாம் என்று சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். மாநகராட்சி எல்லைக்குள்ளேயே மாற்று இடம் கொடு, வீடு கட்டிக் கொடு, வேலை கொடு, அதற்குப் பிறகு எங்களை எழுப்பு என்றார்கள். விசயம் உயர்நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போய், வெளியேற்றம் இடைக்காலமாக நிறுத்தப்பட்டது.

'மாநகராட்சி எல்லைக்குள்ளேயே' என்ற அந்த ஒரு சொல்லை ஏன் அவர்கள் பிடித்துக்கொண்டு நின்றார்கள்? வங்கிக்காரன் என்ற முறையில் சொல்கிறேன். ஒரு குடும்பத்தின் கையில் நாலு லட்சமோ ஐந்து லட்சமோ வந்தால், மதுரை ஓரத்தில் அதற்கு மனை கிடைக்காது. விமான நிலையம் வருகிறது என்ற காரணத்தினாலேயே பக்கத்து மனை விலை ஏறிவிடுகிறது. எந்தத் திட்டத்துக்காக அவன் நிலம் கொடுத்தானோ, அந்தத் திட்டமே அவனை அந்த வட்டாரத்தில் மறுபடி நிலம் வாங்க முடியாதவனாக ஆக்குகிறது. ஊர்ப் பணக்காரன் இன்னொரு இடத்தில் வாங்குவான், அவனை எந்த ஊரும் ஏற்றுக்கொள்ளும். நம் ஆளுக்கு வாடகை வீடே "நீங்க என்ன ஆளுக?" என்ற கேள்விக்கு அப்புறம்தான். நூறு குடும்பம் ஒன்றாக இருந்தால் அது ஊர். ராத்திரி ஒரு பிரச்சினை என்றால் நூறு வீட்டுக் கதவு திறக்கும். அதையே நூறு இடத்தில் சிதறடித்தால் ஒவ்வொரு வீடும் யாரோ ஒரு தெருவின் கடைசி வீடு. நமக்கு ஊர் என்பது பாதுகாப்பு. இழப்பீட்டுப் பட்டியலில் வீட்டுக்கு விலை இருக்கிறது, மரத்துக்கு விலை இருக்கிறது, கிணற்றுக்கு விலை இருக்கிறது. ஒன்றாக இருப்பதற்கு விலை போடும் கட்டம் கிடையாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மதுரை ஓடுபாதையை நீட்டினால் சுற்றுச்சாலை குறுக்கே வருகிறது. சாலையைக் கீழே சுரங்கமாகக் கொண்டுபோவதா, சுற்றிக் கொண்டுபோவதா, செலவு யாருடையது என்று வருசக் கணக்கில் பேசினார்கள். கடிதம் எழுதினார்கள், கூட்டம் போட்டார்கள், வரைபடம் மாற்றினார்கள். ஒரு ரோட்டை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று யோசிக்க அத்தனை நேரம் இருந்தது. ஊரை எங்கே வைப்பது என்ற கேள்விக்கு மட்டும் பொக்லைன் வருகிற நாள் வரைக்கும் பதில் தயாராகவில்லை.

பெயர்ச் சண்டையைப் பற்றிப் பேசாமல் போனால் நான் நேர்மையானவன் இல்லை. இந்த விமான நிலையத்துக்கு முத்துராமலிங்கத் தேவர் பெயரை வைக்க வேண்டும் என்று ஒரு தரப்பு பல வருசமாகக் கேட்கிறது. 1957 செப்டம்பர் 11 அன்று பரமக்குடியில் கொல்லப்பட்ட தியாகி இம்மானுவேல் சேகரன் பெயரை வைக்க வேண்டும், நிலம் கொடுத்த சனம் எங்கள் சனம் என்று தேவேந்திரர் அமைப்புகள் கேட்கின்றன. தேர்தல் நெருங்க நெருங்க இந்தச் சண்டைக்குச் சூடு ஏறும். பெயரில் அரசியல் உண்டு, நான் மறுக்கவில்லை. தியாகியின் பெயர் மதுரை வானத்தில் எழுதப்பட்டால் எனக்கும் கண் கலங்கும். ஆனால் பலகைக்காகத் தொண்டை கட்டக் கத்திய தலைவர்களில் எத்தனை பேர், பலகை நடுகிற மண்ணிலிருந்து எழுப்பப்படுகிற சனத்துக்கு மூணு சென்ட் எங்கே என்று அதே குரலில் கத்தினார்கள்? நம் தலைவர்களையும் சேர்த்துத்தான் கேட்கிறேன். தியாகி பெயர் வைத்த விமான நிலையத்தின் வேலிக்கு வெளியே தியாகியின் சனம் தார்ப்பாயில் கிடந்தால், அந்தப் பெயர் நமக்கு எதிராகவே திரும்பிவிடும்.

அடுத்து, வெளியில் தெரியாத ஒரு கொடுமை. நிலம் எடுக்கப் போகிறோம் என்று அறிவிக்கை வந்த நாளுக்கும் உண்மையில் எடுக்கிற நாளுக்கும் நடுவில் வருசங்கள் ஓடும். அந்த இடைக்காலத்தில் அந்த ஊர் வங்கிக்குச் செத்த ஊர். அறிவிக்கையில் வந்த சர்வே எண்ணுக்கு எந்த வங்கியும் வீட்டுக்கடன் கொடுக்காது, அடமானம் ஏற்காது. வாங்க ஆள் வராது. ஓட்டு வீடு ஒழுகினால் மாற்றிக் கட்டப் பயம், நாளைக்கே இடித்துவிட்டால்? பெண் கொடுக்க யோசிப்பார்கள். விமான நிலையத்தை ஒட்டிய ஊரில் அறிவிக்கையே வராவிட்டாலும், மாடி எழுப்பினால் எவ்வளவு உயரம் என்று விமான நிலையத் தரப்பிடம் அனுமதி கேட்க வேண்டி வரும். நிலம் எடுப்பதற்கு முன்னாலேயே வாழ்க்கை எடுக்கப்பட்டுவிடுகிறது.

இப்போது வடக்கே, காஞ்சிபுரம் பக்கம் பரந்தூர். சென்னைக்கு இரண்டாவது விமான நிலையம் அங்கே என்று 2022 ஆகஸ்டில் அறிவித்தார்கள். ஏகனாபுரம் மக்கள் அதற்குச் சில நாள் முன்னாலேயே போராட்டத்தில் இறங்கிவிட்டார்கள். பகலில் வயல் வேலை, சாயங்காலம் கூடி உட்கார்ந்து முழக்கம். ஆயிரம் நாளைத் தாண்டி அப்படி உட்கார்ந்த ஊர் அது. கிராம சபையில் திரும்பத் திரும்ப எதிர்ப்புத் தீர்மானம் போட்டார்கள், 2024 நாடாளுமன்றத் தேர்தலைப் புறக்கணித்தார்கள். 2025-இல் ஒரு பக்கம் நிலப்பதிவும் இழப்பீடு கொடுப்பதும் தொடங்கியது. அந்த மக்களின் உறுதிக்கு நாம் தலைவணங்க வேண்டும்.

அதே சமயம் கணக்கைப் பாருங்கள். மொத்தம் 20 கிராமங்களில் ஏறத்தாழ 5,746 ஏக்கர். அதில் பட்டா நிலம் 3,774 ஏக்கர். அரசு நிலம் 1,972 ஏக்கர். பேச்செல்லாம் எதைப் பற்றி? பட்டா நிலத்துக்கு ஏக்கருக்கு எவ்வளவு என்பதைப் பற்றி. அந்த 1,972 ஏக்கர் 'அரசு நிலம்' என்ற ஒரே சொல்லில் முடிந்துவிடுகிறது. அரசு நிலம் என்றால் என்ன? ஏரி, ஏரிக்கரை, வாய்க்கால், மேய்ச்சல் புறம்போக்கு, பாதை. பட்டாக்காரனுக்கு வயல் இருக்கிறது. வயல் இல்லாதவனுடைய ஆடு எங்கே மேய்கிறது? அவன் வீட்டு அடுப்புக்குச் சுள்ளி எங்கிருந்து வருகிறது? மீன் பிடிக்க, கோரை அறுக்க, மண்ணெடுக்க அவன் எங்கே போகிறான்? புறம்போக்குதான் நிலமில்லாதவனின் நிலம். அதை எடுக்கும்போது யாருக்கும் நோட்டீஸ் இல்லை, யாருக்கும் செக் இல்லை. அரசாங்கம் தன் வலது பையிலிருந்து இடது பைக்கு மாற்றிக்கொள்கிறது.

பழைய செங்கல்பட்டு மாவட்டம் அது. திரமென்ஹீர் அறிக்கை எழுதிய மண். 1994 அக்டோபரில் காரணைப் பஞ்சமி நிலப் போராட்டத்துக்காகச் செங்கல்பட்டில் துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரண்டு தோழர்கள் செத்த மண். அந்த மண்ணில் 20 கிராமத்தை எடுக்கும்போது நாம் கேட்டிருக்க வேண்டிய முதல் கேள்வி: இந்தச் சர்வே எண்களில் பஞ்சமி எது? 'ஏ' பதிவேட்டைப் புரட்டி, எதில் டி.சி. நிலம் என்று எழுதியிருக்கிறது, அது இன்றைக்கு யார் பட்டாவில் நிற்கிறது என்று பார்த்தோமா? நிபந்தனையை மீறி வாங்கியவன் கைக்கு இழப்பீட்டுப் பணம் போனால், ஒரு திருட்டுக்கு அரசாங்கமே ரசீது போட்டுக் கொடுத்த மாதிரி. விமான நிலையம், சாலை, தொழிற்பேட்டை எது வந்தாலும் இந்தச் சோதனை முதலில் நடக்க வேண்டும்.

2013 சட்டம் இவ்வளவு சொல்கிறதே, பிறகு ஏன் கிடைக்கவில்லை என்று தம்பிகள் கேட்கலாம். அந்தச் சட்டத்தில் முதல் படி சமூகத் தாக்க மதிப்பீடு. அதாவது, நிலத்தை அளப்பதற்கு முன்னால் மனிதர்களை எண்ணு. எத்தனை குடும்பம் பாதிக்கப்படும், எத்தனை குடும்பம் எழும்பும் என்று மதிப்பிடு. ஊரைக் கூட்டி வைத்துக் கேள். கூலிக்காரியின் பெயர் ஏட்டில் ஏறுகிற முதல் வாசல் அது. தமிழ்நாட்டில் என்ன செய்தார்கள்? ஆதி திராவிடர் நலத்துக்கு வீட்டுமனை எடுக்கும் 1978 சட்டம், தொழிலுக்கு எடுக்கும் 1997 சட்டம், நெடுஞ்சாலைக்கு எடுக்கும் 2001 சட்டம், இந்த மூன்றையும் அந்த வாசலுக்குள் போக வேண்டாம் என்று ஒரு திருத்தம் கொண்டுவந்து காப்பாற்றிக்கொண்டார்கள். 2019 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் அந்த ஏற்பாடு செல்லாது என்றது. அதே வருசம் மீட்புச் சட்டம் ஒன்று போட்டுத் திரும்பக் கொண்டுவந்தார்கள். 2021-இல் உச்சநீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. பரந்தூரில் எடுப்பது அந்த 1997 சட்டத்தில்தான். இழப்பீட்டையும் மீள்குடியமர்வையும் மட்டும் 2013 சட்டத்தின்படி பொருத்த வேண்டும். மனிதர்களை முதலில் எண்ணும் கட்டம் போயிற்று. கொடுக்க வேண்டியதைச் சட்டம் சொல்கிறது, யாருக்கு என்று எண்ணுகிற முதல் இடத்தை எடுத்துவிட்டார்கள். நம் சனம் விழுகிற ஓட்டை அதுதான்.

அந்தச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் என்ன இருக்கிறது என்று நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? வீடு இழந்தால் வீடு. திட்டத்தில் வேலை, இல்லாவிட்டால் குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய், அதுவும் வேண்டாமென்றால் மாதம் 2,000 ரூபாய்க்குக் குறையாமல் 20 வருசம். இடம்பெயர்கிற குடும்பத்துக்கு ஒரு வருசத்துக்கு மாதம் 3,000 ரூபாய். இன்னொன்று முக்கியம்: பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ நிலத்தை இழந்தால், எந்தத் திட்டமானாலும், எடுத்த அளவு நிலம் அல்லது இரண்டரை ஏக்கர், இதில் எது குறைவோ அதை நிலமாகவே கொடுக்க வேண்டும். நிலத்துக்கு நிலம்! இதை நாம் முழக்கமாக்கினோமா? செக்கை வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டு வந்துவிடுகிறோம். அந்தப் பணம் எப்படிக் கரைகிறது என்று கவுன்டருக்கு இந்தப் பக்கமிருந்து பார்க்கிறவன் நான். முதல் மாதம் கடன் அடைப்பு. அடுத்து மகள் கல்யாணம். அடுத்து பைக். கூட்டுப் பட்டா என்றால் அண்ணன் தம்பிக்குள் வழக்கு. வாரிசுச் சான்று கிடைக்கும் வரை பணம் கோர்ட்டில் தூங்கும். மூன்று வருசம் கழித்து அதே ஆள் நூறு ரூபாய் எடுக்க வரிசையில் நிற்பான். அவனைக் குறை சொல்லவில்லை. நிலம் வருசா வருசம் விளையும். பணம் ஒருதரம்தான் விளையும்.

உங்களில் சிலர் நினைப்பது எனக்குத் தெரிகிறது. "அப்படின்னா வளர்ச்சியே வேணாமா? பழைய ஊரையும் பழைய வயலையும் காப்பாத்துறதா நம்ம வேலை?" கிடையாது. அந்தப் பழைய ஊர் நமக்கு ஒன்றும் சொர்க்கமில்லை. தனிக் குவளையும் தனிச் சுடுகாடும் இருந்த ஊர் அது. விவசாயம் தெய்வம் என்று மண்ணைத் தொட்டுக் கும்பிடுகிற பாட்டு நம் பாட்டு இல்லை. நிலம் எடுப்பதையே மொத்தமாக எதிர்ப்பதும் நம் நிலை இல்லை. நம் காலனிகள் பலவும் அரசு நிலம் எடுத்து மனை பிரித்துக் கொடுத்ததுதான். அந்த மனைக்கும் அன்றைக்கு ஊர்க்காரர்கள் வழக்குப் போட்டிருக்கிறார்கள். நானும் ஒருதரம் மதுரையிலிருந்து பறந்தவன்தான். விமானம் மேலே ஏறும்போது சன்னல் வழியாகக் குனிந்து பார்த்தேன். வயல் தெரிந்தது, கண்மாய் தெரிந்தது. எது ஊர், எது சேரி என்று தெரியவில்லை. அவ்வளவு உயரத்துக்குப் போனால்தான் அது மறைகிறது. கீழே வரைபடம் போடுகிற ஆபீசருக்கும் அது தெரியவில்லை என்றால், அவன் தரையில் நின்று பார்க்கவில்லை என்று அர்த்தம்.

ஆகவே நம் கேள்வி வேறு. யாருக்காக, யாரைக் கேட்டு, யாரை எண்ணி?

ஜப்பானில் தோக்கியோவுக்கு வெளியே நரித்தா விமான நிலையம் இருக்கிறது. 1966-இல் அரசு அந்த இடத்தை அங்குள்ள உழவர்களிடம் கலந்து பேசாமலே முடிவு செய்தது. அந்த உழவர்களில் ஒரு பகுதி, போருக்குப் பிறகு பிழைக்க வழியில்லாமல் வந்து காட்டு நிலத்தைத் திருத்திக் குடியேறிய ஏழைகள். மாணவர்கள் அவர்களோடு போய் நின்றார்கள். இரண்டு பக்கமும் உயிர்கள் போயின. 1978-இல்தான் விமான நிலையம் திறந்தது. ஓடுபாதைகளுக்கு நடுவில் விற்க மறுத்த உழவர்களின் வயல் அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் நின்றது. 1995-இல் ஜப்பான் பிரதமர் முராயாமா அந்த உழவர்களிடம் மன்னிப்புக் கேட்டார். கேட்காமல் எடுத்தது தப்பு என்று ஓர் அரசாங்கம் ஒப்புக்கொள்ள ஏறத்தாழ முப்பது வருசம் ஆனது. நம் ஊரில் மன்னிப்பெல்லாம் நான் எதிர்பார்க்கவில்லை. முதலில் எண்ணட்டும்.

அரசு எண்ணாவிட்டால் நாம் எண்ண வேண்டும். மாணவத் தோழர்களுக்கு நான் வைக்கிற வேலை இதுதான். நம் பள்ளத்தாக்கிலும் நிலம் எடுக்க ஆள் வராமல் இல்லை. பொட்டிப்புரத்து மலையில் நியூட்ரினோ ஆய்வுக்கூடம் என்று 2015-இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தபோது நாம் எல்லோரும் தெருவுக்கு வந்தோம். அன்றைக்கு மலையைப் பற்றிப் பேசினோம், அணையைப் பற்றிப் பேசினோம், சரிதான். அந்த அடிவாரத்தில் ஆடு மேய்க்கிறவர் எத்தனை பேர், விறகெடுக்கிறவர் எத்தனை பேர் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்தோமா?

எங்காவது அறிவிக்கை வந்த மறுநாளே நோட்டும் பேனாவுமாகச் சேரிக்குள் போங்கள். எந்த வயலில் யார், எத்தனை வருசமாக, என்ன வேலை என்று எழுதுங்கள். வயல்காரன் சான்று கொடுக்க மாட்டான். ரேசன் அட்டை, வாக்காளர் அட்டை, பழைய நூறு நாள் வேலை அட்டை, பிள்ளைகளின் பள்ளிச் சான்று, எங்கள் வங்கிப் பாஸ்புக், எல்லாம் அந்த ஊரில் வாழ்ந்ததற்குச் சாட்சி. நகல் எடுத்து வையுங்கள். புறம்போக்கில் யார் மேய்த்தார், எந்தக் கண்மாயில் யாருக்கு மீன் பாசி என்று எழுதுங்கள். பெண்கள் பெயரைத் தனியாக எழுதுங்கள். குடும்பத் தலைவர் என்று ஆண் பெயரை மட்டும் எழுதினால் நட்டவள் மறுபடியும் விடுபடுவாள். அந்தப் பட்டியலைக் கிராம சபையில் வாசித்துத் தீர்மானமாக ஏற்றுங்கள். வட்டாட்சியருக்கு மனுவாகக் கொடுத்து ரசீது வாங்குங்கள். நாளைக்குக் கோர்ட்டுக்குப் போனால் அந்த ரசீது பேசும். நிலத்துக்கு நிலம், ஊரோடு ஊராக மாற்று இடம், பஞ்சமிச் சோதனை, கூலிக்காரர் பெயர்ப் பட்டியல். இந்த நான்கையும் ஒரே தாளில் எழுதி எல்லாக் கட்சிக்காரன் கையிலும் கொடுங்கள். விலை பேசுவதெல்லாம் அதற்குப் பிறகு.

எங்கள் பெரியம்மா இப்போது இல்லை. அந்த வயல் இருந்த இடத்தில் லாரி போகிறது. அவளுக்கு என்ன கிடைத்திருக்க முடியும், வாதாடியிருந்தால் ஜெயித்திருப்பாளா என்றெல்லாம் நான் இங்கே அளக்கத் தயாரில்லை. ஒரு மனுவாவது போட்டிருக்கலாம். அதை எழுதத் தெரிந்த ஒரே ஆள், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தேன்.

இனிமேல் எந்தக் கவுன்டரிலாவது ஒரு கிழவி வந்து "நமக்கு ஏதும் போட்டுருக்காகளா?" என்று கேட்டால், இல்லை என்று சொல்லாதீர்கள் தோழர்களே. "உன் பேரைச் சொல்லு பெரியம்மா, எழுதிக்கிறேன்" என்று சொல்லுங்கள்.

ஜெய்பீம்.